கெணறு புடிச்சிருக்குதாம்

என் சித்தப்பாவுக்குப் பெண் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்தவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டில் என் நாக்கைத்தான் சுத்தம் செய்தார்கள்.

வருகிறவர்கள் ஐயங்கார்குளத்துக்காரர்கள். காஞ்சிபுரம் அவர்களுக்குக் கூப்பிடு தூரம். நாங்களோ உத்திரமேரூரையே பட்டணம் என்று நம்பிக்கொண்டு காவாந்தண்டலத்துப் பக்கம் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். "அவங்க சுத்தமா பேசறவங்க. நீங்க பாட்டுக்கு கீது, கீறாங்கன்னு ஆரம்பிச்சீங்க, வண்டிய வாசல்லயே திருப்பிக்கினு போயிடுவாங்க" என்று தரகர் பயமுறுத்திவிட்டுப் போயிருந்தார்.

இந்தத் தரகரை நான் நம்பவில்லை. அவர் மாட்டுக்கும் தரகர், மனுஷனுக்கும் தரகர். சந்தையில் அவரைப் பார்த்திருக்கிறேன். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் அவருடைய துண்டுக்கு அடியில் போய்விடும். உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்து விலை பேசுவார்கள். வெளியே மூன்று முகங்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். துணிக்கு அடியில் கை போனால் அங்கே ஏதோ நடக்கிறது என்பது மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் நான் சம்பாதித்திருந்த உலக அறிவு. அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் மனுஷர் கல்யாணமும் பேச வந்தார்.

சித்தப்பாவுக்கு ஏற்கெனவே வந்த சம்பந்தங்களெல்லாம் வந்த வேகத்திலேயே போயிருந்தன. காரணம் கிணறு.

சித்தப்பா சாதுவான மனிதர். ஆனால் கோபம் வந்துவிட்டால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். விறுவிறுவென்று கொல்லைக் கிணற்றுக்குப் போவார். கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு உள்ளே குனிந்து, யார் மேல் கோபமோ அவர்கள் பெயரைச் சொல்லி வாய்க்கு வந்தபடி திட்டுவார். கிணறும் லேசில் விடாது. அவர் சொன்னதையே இன்னும் கொஞ்சம் கனமான குரலில் திருப்பிச் சொல்லும். இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிய பிறகு சித்தப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஒன்றுமே நடக்காதது போலக் கூழ் கேட்பார். எங்களுக்கு இது பழகிவிட்டது. ஊருக்குப் பழகவில்லை. "மாப்பிள்ளைக்குக் கெணத்துல யாரோ கீறாங்களாம்" என்று எவரோ பெண் வீட்டார் காதில் ஊதிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் சித்தப்பாவைப் பார்ப்பதற்கு முன் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

"இதுவும் போச்சின்னா நான் காவி கட்டிக்கினு திருவண்ணாமலைக்குப் போயிட்றேன்" என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அவருக்கு நெற்றி மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவர் போனால் அப்பாவுக்கு ஒரு கை குறையும். எனக்குச் சைக்கிளில் முன்கம்பிச் சவாரி போய்விடும். ஆகவே இந்தத் தடவை கிணறு என்ற சொல்லையே யாரும் எடுக்கக்கூடாது என்று அம்மா உத்தரவு போட்டாள்.

"வந்தவங்க தண்ணி கேட்டா?" என்றேன்.

"பானையிலேர்ந்து குடு."

"பானைக்கு எங்கேர்ந்து வந்துதுன்னு கேட்டா?"

முதுகில் ஒன்று விழுந்தது. முதல் பாடம் அத்துடன் முடிந்தது.

அடுத்து நாக்கு. வந்தவர்கள் உட்கார நாற்காலி இரவல் கொடுத்த எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார், கூடவே கொஞ்சம் இலக்கணமும் இரவல் கொடுத்தார். "வாயப்பயம்னு சொல்லாதடா. அந்த 'ய' வருது பார், அங்க 'ழ' போடு" என்றார். போட்டேன். நான் கெட்டிக்காரப் பிள்ளை. 'ய' எங்கெல்லாம் கண்ணில் பட்டதோ அங்கெல்லாம் போட்டேன். நாக்கை மடித்து மடித்து, ராத்திரி சோறு சாப்பிடும்போது மேலண்ணம் வலித்தது.

அப்பாவுக்கு அந்த வயதில் நாக்கு மடியவில்லை. அவர் வேறு வழி கண்டுபிடித்தார். ழ இருக்கிற சொல்லின் பக்கமே போவதில்லை. பழத்தைக் கனி என்றார். கோழியைச் சேவலோட சம்சாரம் என்றார். அம்மா எதற்கும் வாயையே திறப்பதில்லை என்று முடிவெடுத்தாள். அவளுக்கு இருந்த ஒரே ஆபத்து, வந்த பெண்கள் யாராவது "வூட்டுக்காரர் பேரு இன்னா?" என்று கேட்டுவிடுவது. எங்கள் பக்கம் பெண்கள் கட்டியவன் பெயரைச் சொல்லமாட்டார்கள். ஒரு தடவை சொன்னால் அவன் ஆயுசில் ஒரு துண்டு குறைந்துபோகும் என்று நம்பிக்கை. அப்பாவுக்குச் சாமி பெயர் என்பதால், அந்தச் சாமி முன்னால் கற்பூரம் கொளுத்தும்போதுகூட அம்மா, "எம் புள்ளையோட நைனா பேரு கொண்டவனே, காப்பாத்து" என்றுதான் கும்பிடுவாள். யாராவது பெயர் கேட்டால் குறுக்கே பாய்ந்து நான் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு.

இதற்கிடையில் வீடு நிறைந்துகொண்டே போனது. அரிசி மில்லிலிருந்து ஒரு சுவர்க் கடிகாரம் வந்தது. அது ஓடாது. தரகர் பத்து மணி என்று சொல்லியிருந்ததால் அப்பா முள்ளைப் பத்தில் திருப்பி வைத்தார். எதிர்வீட்டுப் பெரியம்மாவிடமிருந்து கறவைப் பசுவும் பித்தளைச் சொம்பும் வந்தன. சொம்பின் வயிற்றில் அந்த வீட்டுப் பெரியப்பா பெயர் வெட்டியிருந்தது. "பேரு வெட்டுன பக்கம் ஒன் உள்ளங்கையில இருக்கணும். தண்ணி குடுக்கறச்சே திருப்பாத" என்றாள் அம்மா. அந்த வயதில் என் உள்ளங்கை ஒரு இட்லி அகலம். பெரியப்பா பெயர் அதைவிட நீளம்.

வண்டி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கடிகாரத்தில் மணி பத்து.

கூண்டு வண்டியிலிருந்து முதலில் வெள்ளை மீசைப் பெரியவர் இறங்கினார். பெண்ணின் தகப்பனார். பின்னால் இரண்டு பெண்கள். "இது எம் பெரிய பொண்ணு. இது எங்கண்ணன் மருமவ" என்றார். பெரிய பெண் வலது கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் மருமகள் புடவையைக் கழுத்து வரை இழுத்துச் செருகி, இடுப்பில் ஒரு கைக்குழந்தையை வைத்திருந்தாள்.

பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா நைனா, நாய் கீய் கீதா வூட்ல?"

எங்கள் பக்கம் அப்பாவும் நைனாதான், செல்லமாகக் கூப்பிடுகிற பையனும் நைனாதான். ஆனால் அவர் 'கீதா' என்றதும் எனக்குப் பகீரென்றது. சுத்தமாகப் பேசுகிறவர்கள் என்றார்களே? இருந்தாலும் நான் பாடத்தை விடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒப்பித்தேன்.

"நாழ் கடிக்காது. வாங்க. கை கால் கழுவிக்கிங்க. பாழ் போட்டிருக்கு. எல்லாரும் பாழில் உக்காருங்க."

முற்றம் அப்படியே நின்றுவிட்டது. பெண் கொடுக்க வந்த மனிதரைப் பார்த்து, வாசலிலேயே, பாழில் உட்காரச் சொல்லியிருந்தேன். பெரியவர் மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார். "பாழா?" என்றார். தரகர் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"சின்னப் புள்ள, பாய சொல்றான்" என்று அப்பா சமாளித்து, நாற்காலியைக் காட்டினார். போகிற போக்கில் அம்மா என் காதைத் திருகியபடி, "அவரு கீதான்னு கேக்கறாரு பாத்தியா? நம்மள மாரியே பேசி காட்றாங்கடா" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எங்களைப் போலவே பேசிக் கேலி செய்கிறார்கள் என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன். அவர்களும் எங்களைப் போலவே பேசுகிற ஜனங்கள்தான், தரகர் அவர்களிடமும் போய் "மாப்பிள்ளை வூட்டார் சுத்தமா பேசறவங்க" என்று பயமுறுத்தியிருந்தார், பெரியவர் சட்டை பண்ணவில்லை என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த கதை.

உள்ளே பேச்சு நடந்தது. நடந்தது என்று சொல்வதற்கில்லை, நொண்டியது.

"ஒங்க பக்கம் மய எப்டி இந்த வருசம்?" என்றார் பெரியவர்.

அப்பா கூரையைப் பார்த்தார். மழையைச் சொல்லாமல் மழையைச் சொல்லவேண்டும். "மேலேருந்து தண்ணி... எறங்கிச்சி. பரவால்ல" என்றார்.

பெரியவர் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். அப்பா அவசரமாகத் தட்டை நகர்த்தினார். "கனி சாப்பிடுங்க."

"இன்னாது?"

"கனி. மஞ்சளா கீது பாருங்க... இருக்கிறது."

சித்தப்பா புது வேட்டியில், கொலுவில் வைத்த செட்டியார் பொம்மை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று அந்த இரண்டு பெண்களையும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஒருத்தி கழுத்தை மூடுகிறாள். ஒருத்தி கையை மூடுகிறாள். பெரிய பெண் அந்தக் கையை ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லை. காப்பித் தம்ளரை இடது கையில்தான் வாங்கினாள். அம்மாவே முகம் சுளித்தாள். யாரோடு விலை பேசுகிறாள் என்று பார்த்தேன். தரகர் எட்ட இருந்தார். அப்படியானால் உள்ளே ஏதோ இருக்கிறது.

அண்ணன் மருமகளோ இன்னும் மோசம். அவள் இடுப்பிலிருந்த குழந்தை அவளிடம் இருக்கமாட்டேன் என்று நெளிந்தது. அழுதது. பெரிய பெண்ணைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டித் தாவியது. பெற்றவளிடம் எந்தக் குழந்தையாவது அப்படிச் செய்யுமா? அந்தச் சமயம் எங்கேயோ ஆற்றில் பாலம் கட்டுகிறார்கள், தூண் நிற்பதற்குப் பிள்ளை கேட்கிறது, பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊர் ஊராக அலைகிறார்கள் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பேச்சு. பிடித்த பிள்ளையோடு நேராக எங்கள் வீட்டுக்கே வந்திருக்கிறார்கள். அடுத்த பிள்ளை யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டில் வேறு பிள்ளை கிடையாது.

அந்த நேரம் பார்த்து அம்மா, எங்கள் வீட்டில் கறவை இருக்கிறது என்று காட்டுவதற்காகச் அப்போதே கறந்த பாலில் இன்னொரு சுற்றுக் காப்பி போடலாம் என்று கொல்லைக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன். எதிர்வீட்டுப் பசுவுக்கு இந்த நாடகம் பற்றி யாரும் சொல்லவில்லை. அம்மா மடியில் கை வைத்ததும் ஒரு உதை விட்டது. பாலும் சாணியுமாகப் புடவை நனைந்தது. "மாட்ட பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா உடை மாற்ற உள்ளே ஓடினாள். திரும்பினால் அண்ணன் மருமகள் நிற்கிறாள். இடுப்பில் குழந்தை. கையில் எங்கள் சொம்பு, அதாவது எங்களுடையது அல்லாத சொம்பு.

"கொயந்தைக்குக் கால் கயுவணும்" என்று சொல்லிக்கொண்டே மாட்டைப் பார்த்தாள். "இது ஒங்க மாடா?"

"எங்களுடைய மாடு இருக்கிறது" என்றேன். வாத்தியார் கேட்டிருந்தால் மெச்சியிருப்பார்.

"பேரு இன்னா?"

மாட்டுக்குப் பெயர் இருக்குமென்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "மாடு" என்றேன்.

அவள் சொம்பைத் திருப்பி, வெட்டியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஒங்க நைனா பேரு இது இல்லியே. தரகரு வேற பேரு சொன்னாரே."

எனக்குப் பயம் வந்தால் ஒரு குணம். ஓடமாட்டேன், கால் வராது. அதனால் எதிராளி மேல் பாய்ந்துவிடுவேன். "அது ஒன் கொயந்தயா?" என்றேன். மடித்து வைத்திருந்த நாக்கு அவிழ்ந்துவிட்டது.

அவள் முகம் மாறியது. "ஏன்டா?"

"ஒன்ன பாத்து அயுவுது. அந்த அத்தையாண்டயே தாவுது. நீ புள்ள புடிக்கிறவதான? இரு, கத்தறேன்."

அவள் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு குழந்தையோடு என் உயரத்துக்குக் குந்தினாள். "கத்து. நானும் கத்தறேன். சொம்பு எரவலு, மாடு எரவலு, கடியாரம் செத்துப்போயி கீதுன்னு."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஆமா, நான் புள்ள புடிக்கிறவதான்" என்றாள் மெதுவாக. "பாலத்துக்கு ஒரு ஆளு கொறையுது. ஒன் ஒசரம் சரியா இருக்கும். ஆனா ஒண்ணு கேப்பேன். மெய்ய சொன்னா வுட்டுட்றேன். ஒங்க சித்தப்பாருக்குக் கோவம் வருமா?"

"வராது." இது அம்மா சொல்லிக்கொடுத்த பதில்.

"பாலம்" என்றாள்.

"வரும்."

"வந்தா இன்னா பண்ணுவாரு? கையில கெடச்சத எடுத்துக்கினு வருவாரா?"

சித்தப்பாவின் கல்யாணம் ஒரு பக்கம், பாலத்தின் தூண் ஒரு பக்கம். சித்தப்பாவைத் தள்ளிவிட்டேன். "கெணத்தாண்ட போவாரு."

"போயி?"

"திட்டுவாரு."

"யார?"

"கெணத்துக்குள்ள திட்டுவாரு. அப்பால வந்து கூயு குடிப்பாரு."

"அடிக்க மாட்டாரா?"

இவ்வளவு பெரிய பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று இருந்தது. "கெணத்த எப்டி அடிக்கறது?" என்றேன்.

அவள் எழுந்து நின்று கிணற்றை எட்டிப் பார்த்தாள். "எங்கக்கா வூட்லயும் கெணறு கீது. அவள கட்டிக்கினவரு அதுல தண்ணி மட்டுந்தான் சேந்துவாரு" என்றாள்.

பாவம், அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். "எங்க சித்தப்பாவ வேணா அனுப்பறேன். சொல்லிக் குடுப்பாரு" என்றேன். என்னைப் பாலத்துக்குக் கொண்டுபோகாமல் இருக்க இந்த உதவியும் சேர்ந்து பயன்படட்டும் என்ற எண்ணம்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எப்டி திட்டுவாருன்னு காட்டு பாக்கலாம்."

சொம்பைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். நான் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு குனிந்தேன். நான் செய்கிற சேட்டைகளில் சித்தப்பா மாதிரி திட்டிக்காட்டுவதுதான் பள்ளிக்கூடத்தில் அதிகக் கைதட்டல் வாங்கியது. பயத்தில் குரல் வழக்கத்தைவிட நன்றாகவே வந்தது.

"அட கட்டையில போறவனே! ஒங் கண்ணு அவிய! எவங்கிட்ட வந்து அளக்கறே!"

கிணறு தன் பங்கைச் செய்தது. கட்டையில போறவனே, போறவனே என்று கொல்லை முழுக்க அதிர்ந்தது. பசு கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. குழந்தை வீறிட்டது. வீட்டுக்குள்ளிருந்து எல்லோரும் திமுதிமுவென்று ஓடிவந்தார்கள்: அப்பா, பெரியவர், தரகர், பெரிய பெண், பாதிப் புடவையோடு அம்மா. கடைசியாகக் கொலுவிலிருந்து எழுந்து சித்தப்பா.

சித்தப்பா என்னைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. அவருக்கு அப்போதே கிணற்றடிக்குப் போகவேண்டியிருந்தது. ஆனால் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். போகவும் முடியாமல், என்னைத் திட்டவும் தெரியாமல், வாயைத் திறந்து திறந்து மூடினார். தண்ணீரிலிருந்து எடுத்துப்போட்ட கெண்டை மாதிரி இருந்தது. அவள் அதையெல்லாம் நின்று நிதானமாகப் பார்த்தாள். பிறகு, "கொயந்த அயுதுன்னு தம்பி வெளையாட்டு காட்னாம்பா" என்றாள் பெரியவரிடம்.

அவர்கள் அதற்கு மேல் உட்காரவில்லை. "சொல்லி அனுப்பறோம்" என்றார் பெரியவர். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். போகிறபோது கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "மணி பத்துதான ஆவுது. வெயில் ஏறறதுக்குள்ள போயி சேந்துடலாம்" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

வண்டி மறைந்ததும் எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து மாட்டை அவிழ்த்தாள். சொம்பைக் கேட்டாள். சொம்பு இல்லை. அடுப்படி, முற்றம், கொல்லை என்று எங்கும் இல்லை. அப்பா என்னைத் தேடுவதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். "அந்தப் பெரிய பொண்ணு கையை முந்தானைக்குள்ளயே வெச்சிக்கினு இருந்துச்சி. எடுக்கவே இல்ல" என்றேன்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மா தலையில் கை வைத்தாள். "அதான் பாத்தேன், தம்ளர எடது கையில வாங்கறாளேன்னு! வூடு பாக்க வந்தவளுங்களா, சொம்பு பாக்க வந்தவளுங்களா?" சித்தப்பா விறுவிறுவென்று கிணற்றடிக்குப் போனார். அன்றைக்குக் கிணறு திட்டியதெல்லாம் என்னைத்தான். வெகுநேரம் திட்டியது.

அந்த வாரத்துக்குள்ளேயே தரகர் துண்டை ஆட்டிக்கொண்டு வந்தார். "பொண்ணு வூட்ல சரின்னுட்டாங்க."

அப்பா நம்பவில்லை. "இன்னாய்யா சொல்ற? எதப் பாத்து?"

தரகரே குழம்பித்தான் இருந்தார். "கேட்டேனே. பொண்ணுக்குக் கெணறு புடிச்சிருக்குதாம். அவ்ளோதான் சொன்னாங்க."

எங்கள் கிணறு பாதி தூர்ந்தது. தண்ணீர் உப்பு. அதைப் பிடித்திருக்கிறது என்றால்? அப்பாவும் அம்மாவும் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். உள்ளே புதையல் ஏதாவது இருக்குமோ, அது அவர்களுக்குத் தெரிந்துவிட்டதோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். பொண்ணு வந்து பார்க்கவே இல்லையே, அவளுக்கு எப்படிப் பிடித்தது என்பது அப்பாவின் சந்தேகம். இரண்டையும் வைத்துக்கொண்டே நாள் குறித்தார்கள். ஏனென்றால் மூன்றாவது சந்தேகம் ஒன்று இருந்தது. இதை விட்டால் இன்னொன்று வருமா என்பது.

மணவறையில் பெண் தலை நிமிர்ந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "புள்ள புடிக்கிறவ!" என்று கத்தியேவிட்டேன். மேளம் அந்தச் சமயம் கெட்டியாக முழங்கியதால் பிழைத்தேன். நாங்கள் மாட்டை இரவல் வாங்கியிருந்தோம், அவள் தன் அக்காவான அந்தப் பெரிய பெண்ணின் குழந்தையை இரவல் வாங்கியிருந்தாள். இடுப்பில் குழந்தையோடு வருகிறவளை யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள் என்று, தாலியில்லாத கழுத்தைப் புடவையால் மூடிக்கொண்டு, தனக்குப் பார்த்த வீட்டைத் தானே பார்க்க வந்திருந்தாள். பக்கத்தில் வந்து விழுந்த என்னைப் பார்த்துச் சித்தி உதடு அசையாமல் சொன்னாள்: "வாய தொறந்த, பாலம்."

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சொம்பு விஷயத்தை வீட்டில் யாரும் மறக்கவில்லை. சித்தியின் அக்கா கல்யாணத்துக்கு வந்தபோதும் கை முந்தானைக்குள்தான் இருந்தது. அம்மா பாத்திர அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறு வருஷம் ஆடியில் அந்த அக்கா குழந்தையோடு தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். வண்டி கட்டாமல் நடந்தே வந்திருந்தாள். குழந்தை இப்போது ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போனால் பெரியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அம்மா வழக்கம்போல எழுந்து பாத்திர அறைப் பக்கம் போனாள், ஆனால் பூட்டவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அன்றைக்குத்தான் முந்தானைக்குள் இருந்த கையை நான் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு ஒரு பக்கமாக வளைந்து, அப்படியே சேர்ந்திருந்தது. பிறவியிலேயே அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

நடுப்பகலில் நான் வைக்கோல் போரில் சறுக்கிக்கொண்டிருந்தேன். சித்தியும் அக்காவும் கிணற்றடியில் நின்றார்கள். சித்தப்பா கொல்லைப் படலைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"இன்னும் குனி" என்றாள் சித்தி. "குனிஞ்சாதான் அது பேசும்."

அக்கா சுவரில் வயிற்றை வைத்துக் குனிந்தாள். அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு சின்னக் குரல். கிணறு திருப்பிச் சொன்னது மட்டும் கேட்டது. அது திட்டு இல்லை. ஒரு ஆம்பிளைப் பெயர். வெறும் பெயர். கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் அதே பெயர். பிறகு மறுபடியும், இன்னும் உரக்க. ஒவ்வொரு தடவையும் கிணறு அதைக் கனமாக்கிக் கனமாக்கி மேலே அனுப்பியது.

அந்தப் பெயரில் எங்கள் ஊரில் ஆளே கிடையாது. யாரோ விழுந்திருக்கிறார்கள், இவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள்! பரணில் மாட்டியிருந்த பாதாளக் கரண்டியை, கிணற்றில் விழுந்த பாத்திரம் எடுக்கிற கொக்கிக் கொத்தை, கயிற்றோடு உருவி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"நவுருங்க! நவுருங்க! யாரு வுயுந்துட்டது?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையும் கரண்டியையும் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். நின்று சிரிக்க முடியாமல் கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார்கள். அந்த அக்கா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எதற்கு என்றுதான் தெரியவில்லை. நான் வேடிக்கை எதுவும் செய்யவில்லையே.

"யாரும் வுயலடா நைனா" என்றாள் சித்தி. "போயி வெளையாடு."

நான் நம்பவில்லை. ஆள் இல்லாமலா அத்தனை தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? கயிற்றை இறக்கினேன். அடியில் சேறு. துழாவினேன். கனமாக ஏதோ மாட்டியது. "கெடச்சிட்டாரு!" என்று கத்தியபடி, ஆளோடு நானும் உள்ளே போய்விடுவேனோ என்று காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன்.

பச்சை பூத்த ஒரு பித்தளைச் சொம்பு வந்தது. சேற்றை வழித்துப் பார்த்தால் வயிற்றில் எதிர்வீட்டுப் பெரியப்பா பெயர்.

அம்மா ஓடிவந்து சொம்பைக் கையில் வாங்கினாள். அக்காவைப் பார்த்தாள். அப்படியே கீழே உட்கார்ந்து, அந்த வளைந்த கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஒரு பழைய சொம்பு கிடைத்ததற்கு இவ்வளவு பெரிய அழுகையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நான் கயிற்றை மறுபடியும் உள்ளே விட்டேன். சாயங்காலம் வரை துழாவினேன். அந்தப் பெயருக்கு உரிய ஆள் மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை.